மூன்றடி உயரம்
எங்கள் நிறுவனத்தின் ஓட்டுநரில்லா வண்டி, சோதனைச் சாலையின் ஐந்தாம் வளைவில் தினமும் நின்றது. எதிரே யாரும் இல்லை. திரையில் மட்டும் மூன்றடி உயரத்தில் ஏதோ ஒன்று மெதுவாகச் சாலையைக் கடந்தது. "பேய்க்கும் வழிவிடுற வண்டின்னு சொல்லி வித்துடலாமா மேடம்? நாளைக்கு வாங்குறவங்க வர்றாங்க," என்று சிரித்தான் உடன் வேலை செய்யும் ரெஜினால்டு. கேமராவின் பிழை என்று முடிவுசெய்து, அந்த வடிவத்தைப் பொருட்படுத்த வேண்டாம் என நிரலில் இரண்டு வரி சேர்த்தேன். எங்கள் மென்பொருள் யார் வேண்டுமானாலும் எடுத்துத் தங்கள் வண்டிகளில் பயன்படுத்தக்கூடியது. என் திருத்தம் அன்று காலையிலேயே பல நாட்டு வண்டிகளுக்குப் போய்விட்டது. மதியம், முகம் தெரியாத ஒருவரிடமிருந்து நன்றி வந்தது: "இங்கேயும் அந்தச் சிறுமிக்காக வண்டிகள் நின்றுகொண்டிருந்தன. இப்போது நிற்பதில்லை." சிறுமி என்று நான் எங்குமே எழுதவில்லை. திருத்தத்தை நீக்கிவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது ரெஜினால்டு கூப்பிட்டான். "ஏறுங்க மேடம், ஒரு ரவுண்டு பாத்துடலாம்." ஏறினேன். ஐந்தாம் வளைவு வந்தது. திரையில் ஒன்றுமில்லை, வேகமும் குறையவில்லை. பிரேக் பெடலே இல்லாத அந்த வண்டியின் தரையை என் வலது கால் முழுப் பலத்தோடு மிதித்தது.