தண்ணீர் வேண்டாமென்ற விருந்தாளி

கார் உளுந்தின் மேல் ஏறாமல் நின்றுவிட்டது.

தை மாதத்தில் இடைசெவலுக்குள் வருகிற எந்த வண்டியும் அப்படி நிற்காது. ரோட்டில் பரப்பிய உளுந்துச் செடியை மிதித்துக்கொண்டு போனால்தான் நெற்று உடைந்து மணி உதிரும். அதற்காகத்தானே வேலை மெனக்கெட்டுப் பரப்பி வைத்திருக்கிறார்கள்.

சங்கரம்மாள் கையிலிருந்த கம்பை ஆட்டினாள். "ஏத்திட்டுப் போங்க! சும்மா ஏத்துங்க!"

கார்க் கதவு திறந்தது. முதலில் ஊன்றுகோல் வந்தது. பிறகு ராணுவ உடுப்பு.

அவள் கம்பைக் கீழே போட்டுவிட்டாள்.

போர் தொடங்கிப் பதினேழு நாள் ஆகிறது. அன்றிலிருந்து மகள் உமாராணியிடமிருந்து போன் இல்லை. 'பட்டாளத்துல எனக்குக் கம்ப்யூட்டர் வேலைதாம்மா, ஏசி ரூமுக்குள்ளதான் இருக்கேன்' என்று பதினாலு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிற மகள். இந்தத் தடவை போன் வரட்டும், வேலையை விட்டுவிட்டு வீடு வந்து சேருடி என்று கறாராகச் சொல்லிவிட வேண்டும் என்றிருந்தாள் சங்கரம்மாள். போன்தான் வரவே இல்லை.

வந்தவருக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். வலது காலில் தொடையிலிருந்து முழங்கால் வரை இரும்புக் கம்பிகள் துருத்திக்கொண்டிருந்தன.

"உமாராணி வீடுதானே அம்மா?" மலையாள வாடை அடிக்கிற தமிழ்.

"ஆமா. உள்ள வாங்க."

"வேண்டாம்மா. இங்கேயே நின்னு சொல்லிட்டுப் போறேன்."

எதிர்வீட்டுக் கற்பகம் சொம்பில் தண்ணீரோடு ஓடிவந்தாள். அதையும் அவர் வேண்டாமென்று கையமர்த்தினார்.

இந்தப் பக்கத்தில் சாவுச்செய்தி சொல்ல வருகிற ஆள் வாசல்படி ஏற மாட்டான். அந்த வீட்டில் பச்சைத் தண்ணீர் பல்லில் படாது. செத்தவர் பெயரைச் சொல்லிவிட்டு, 'வாரேன்' என்றுகூடச் சொல்லாமல் திரும்பி நடந்துவிடுவான். கற்பகத்துக்கும் அது தெரியும். சொம்போடு இரண்டடி பின்னால் போய்விட்டாள்.

அவர் ஊன்றுகோலைக் காரில் சாய்த்தார். தொப்பியைச் சரிசெய்தார். ஒற்றைக்காலில் பலத்தைக் கொடுத்து நிமிர்ந்து நின்று, சங்கரம்மாளுக்கு ஒரு சல்யூட் அடித்தார்.

டிவியில், சவப்பெட்டிக்கு முன்னால் அப்படி அடிப்பதைத்தான் அவள் பார்த்திருக்கிறாள்.

அவளுக்கு அழுகை வரவில்லை. தகப்பன் முகம் தெரியாத பிள்ளை. தீப்பெட்டி ஆபீசுக்குப் போய்ப் போய் ஒற்றை ஆளாக வளர்த்த பிள்ளை.

"எப்பய்யா?" என்றாள். "என்னைக்கு?"

"எது அம்மா?"

"எம் மவ..."

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. பதறிப்போய்க் கையை இறக்கினார். ஊன்றுகோல் சரிந்து உளுந்துக்குள் விழுந்தது.

"அய்யோ அம்மா! அவங்களுக்கு ஒண்ணும் இல்ல! நல்லா இருக்காங்க. இன்னிக்குக் காலையிலகூடத் தகவல் வந்துச்சு."

சங்கரம்மாள் நடுரோட்டிலேயே பொத்தென்று உட்கார்ந்துவிட்டாள். அதற்குப் பிறகுதான் அழுதாள். அழுதுகொண்டே ஏசினாள்.

"வாசல் ஏற மாட்டேங்கீங்க, தண்ணி வேண்டாங்கீங்க. நான் என்னன்னுய்யா நெனைக்க?"

பாவம், அவருக்கு இந்த ஊர் வழக்கம் எங்கே தெரியும்? இந்தக் காலோடு நாலு படி ஏற முடியாது. வழியில் எங்கேயும் இறங்கி ஒதுங்க முடியாதென்று திருவனந்தபுரத்திலிருந்து தண்ணீரே குடிக்காமல் வந்திருக்கிறார். வெட்கப்பட்டுக்கொண்டே அதைச் சொல்லிவிட்டு, கற்பகத்திடம் சொம்பை வாங்கி ஒரே மூச்சில் குடித்துத் தீர்த்தார்.

"நான்தாம்மா அவங்க ரெஜிமெண்டுக்குக் கமாண்டர்."

போருக்கு முந்தின வாரம் மலைப்பாதையில் வண்டி உருண்டு கால் முறிந்திருக்கிறது. ஆஸ்பத்திரியில் கிடக்கும்போதே போர் வந்துவிட்டது. உம்முடைய இடத்துக்கு வேறு கர்னலை அனுப்பட்டுமா என்று மேலிடத்தில் கேட்டார்கள். வேண்டாம், எனக்கு அடுத்து உமாராணி இருக்கிறார், அவர் போதும் என்று சொன்னாராம்.

எழுநூறு பேர். வானத்தில் பறந்து வருவதைச் சுட்டு வீழ்த்துகிற பீரங்கிகள். பதினேழு நாளாக எல்லாம் அவள் கையில். ஒரு நகரமே அந்தப் பீரங்கிகளை நம்பித் தூங்குகிறது. இதுவரை ஒரு குண்டுகூட அங்கே விழவில்லை. எந்த நகரம் என்று மட்டும் அவர் சொல்லவில்லை.

"அவங்க இப்ப போன்ல பேச முடியாது. அதான் நான் வந்தேன். அவங்களைப் பெத்தவங்களுக்கு நேர்ல ஒரு சல்யூட் வைக்கணும்னு தோணுச்சு."

ஏசி ரூமில் கம்ப்யூட்டர் வேலை! பதினாலு வருஷமாக ஏமாற்றியிருக்கிறாள் கழுதை. கோபம்தான் வந்திருக்க வேண்டும். ஆனால் சங்கரம்மாளுக்குப் பெருமை தாங்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"எத்தன பேருன்னு சொன்னீங்க?" கற்பகம் காதில் விழட்டும் என்று சத்தமாகத்தான் கேட்டாள்.

"எழுநூறு பேர் அம்மா."

ஊன்றுகோலை எடுத்து, தூசியை முந்தானையால் துடைத்து அவர் கையில் கொடுத்தாள்.

"கால் எப்ப சரியாவும்னு டாக்டரு சொல்லுதாரு?"

"ஆறு வாரம் ஆகும். அதுக்கு முன்னாலயே போயிடலாம்னு பார்க்கறேன். பாவம், அவங்க ஒருத்தரே எல்லாத்தையும் பார்க்கறாங்க."

"நீங்க போயிட்டா, அவ அந்த நாற்காலிய விட்டு எந்திரிச்சிரணுமோ?"

"ஆமா. அதுதானே முறை."

சங்கரம்மாள் அவருடைய முறிந்த காலைப் பார்த்தாள்.

"இப்ப என்னய்யா அவசரம்? எலும்பு நல்லாக் கூடட்டும். பையப் போங்க."