எச்சில் ஃபிட்டர்

“த்தூ!”

லாரியின் வால்வு மூட்டில் ஃபிட்டர் துப்பிய எச்சில் வெள்ளையாய் ஒட்டிக்கொண்டது. பார்த்துக்கொண்டிருந்த பாதுகாப்பு அதிகாரியம்மாவுக்குக் காலையில் குடித்த காப்பி தொண்டை வரைக்கும் ஏறி இறங்கியது.

ஒட்டியது சும்மா இருந்தாலாவது பரவாயில்லை. கொழகொழவென்று உப்பிற்று, ஒரு குமிழி உடைய இன்னொரு குமிழி எழுந்தது. தவளை மூச்சு விடுவதுபோல இருந்தது அந்தக் கண்ணராவி.

“சீ! நீயெல்லாம் மனுஷனா?” கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

“அம்மா, இந்த மூட்டைக் கொஞ்சம் பாருங்க...”

“வாயைத் திறக்காதே! நீ வாயைத் திறந்தாலே குமட்டுது.”

அந்த ஆளிடம் அவளுக்கு எல்லாமே அருவருப்புதான். விரலை நாக்கில் தொட்டுத்தான் காகிதம் புரட்டுவான். கையெழுத்துக்காக அவள் மேசையில் அவன் வைக்கும் சீட்டுகளைப் பென்சில் முனையால் தள்ளி, படிக்காமலே குப்பைக் கூடைக்குள் விழவைப்பாள். அதைத் தொட்ட கையால் சோறு தின்ன முடியுமா?

லாரி நிறைய, நீள நீளமான உருளைகளில் ஹைட்ரஜன். ஊர்ப் பேருந்துகள் புகை கக்காமல் ஓட அதுதான் தீனி. நிறமும் கிடையாது, மணமும் கிடையாது. கசிந்து பற்றிக்கொண்டால் பட்டப்பகலில் அதன் ஜுவாலைகூடக் கண்ணுக்குத் தெரியாது.

“இவ்வளவு பெரிய கம்பெனியில, சைக்கிள் கடையில டியூப் பார்க்கிற மாதிரி துப்பிப் பார்க்கிறான்!”

டிரைவர் சிரித்தான். “அண்ணன் துப்பினாத்தான் மேடம் எனக்கு வண்டி எடுக்கவே தைரியம் வரும். சீக்கிரம் விடுங்க, சாயங்காலம் எம் பொண்ணு பள்ளிக்கூட மேடையில ஆடுறா.”

“இனிமே இங்க ஒருத்தனும் துப்பமாட்டான்.” அங்கேயே நின்று மேனேஜருக்குப் போன் போட்டாள். இரண்டு நிமிஷத்தில் ஃபிட்டருக்கு வேலை போயிற்று.

“என்னை அனுப்புங்க, வண்டியை அனுப்பாதீங்கம்மா!” என்று கத்தியவனைக் காவலாளி இழுத்துப்போய்க் காவல் அறையில் உட்காரவைத்தான். வேலை போன வயிற்றெரிச்சல், கத்தாமல் என்ன செய்வான் என்று நினைத்துக்கொண்டாள்.

பழந்துணியால் எச்சிலைத் துடைத்தாள். துணியைக் காலால் எட்டித் தள்ளினாள். பிறகு அலமாரியிலிருந்து சோப்புத் தண்ணீர் பாட்டிலை எடுத்து, அதையும் ஒருமுறை துடைத்துவிட்டு, ஒவ்வொரு மூட்டிலும் பீய்ச்சினாள். கசிவு இருந்தால் நுரைக்கும், இதுதான் விதி. ஒரு மூட்டிலும் நுரை இல்லை. தண்ணீர் வழிந்து ஓடியது, அவ்வளவுதான்.

கையெழுத்துப் போட்டாள். டிரைவர் ஒரு சலாம் வைத்துவிட்டு வண்டியைக் கிளப்பினான். லாரி கேட்டைத் தாண்டி, திருப்பத்தில் மறைந்தது.

காவலாளியின் கையை உதறிக்கொண்டு ஃபிட்டர் ஓடிவந்தான். மூச்சு இரைத்தது.

“வண்டி எங்கம்மா?”

“போயாச்சு. நானே சோப்புத் தண்ணி அடிச்சுப் பார்த்தேன். ஒரு குமிழிகூட வரல. போதுமா?”

அவன் காலியான தரையைப் பார்த்தான். பிறகு அவள் கையிலிருந்த பாட்டிலைப் பார்த்தான். முகம் வெளுத்துவிட்டது.

“மூணு மாசமா சோப்பு கேட்டுத்தானேம்மா சீட்டு எழுதி வைக்கிறேன்... அதுல இருக்கிறது வெறும் தண்ணி!”