நாலாவது சீட்

அன்று காலை பத்து மணிக்கு நாரின் ஊர் டாக்ஸி ஸ்டாண்டில், துருஸ்பெக்கின் வெள்ளைக் காருக்கு ஆட்கள் நாலு பேர். முதலில் டிரைவர் துருஸ்பெக். முன் சீட்டில் பெரியவர் பெய்ஷென். பேரனுக்குப் பெயர் வைக்கும் விருந்துக்குப் போகிறார், மடியில் இறைச்சி மூட்டை. பின்னால் பள்ளிக்கூட டீச்சர் சைரா. அவள் பக்கத்தில் அனார்குல், கையில் மகளின் போட்டோ.

எதிர் டீக்கடையில் எத்தனை பேர் என்று சொல்ல முடியாது. ஜன்னல் முழுக்க ஆவி.

பயணிகளுக்கான நாலாவது சீட் காலி. அது நிரம்பினால்தான் கார் மலை தாண்டித் தலைநகர் பிஷ்கெக்குக்குக் கிளம்பும்.

அனார்குலின் மகள் ஜிபெக்குக்குப் பதினாறு வயது. வீட்டை விட்டுப் போய் இன்றோடு நாலு நாள். பத்தொன்பது நாள் பள்ளிக்கூடம் போகாமல் ஊர் சுற்றியது தெரிந்ததும், அனார்குல் அவள் போனைப் பிடுங்கி அடுப்பில் போட்டாள். "இப்படியே இருக்கிறதுன்னா போ. வாசல் திறந்துதான் இருக்கு" என்றாள்.

ஜிபெக் போய்விட்டாள்.

ரஷ்யாவில் கட்டட வேலை செய்யும் புருஷனுக்கு இன்னும் தகவல் சொல்லவில்லை. பிஷ்கெக்கில் அவளைப் பார்த்ததாக ஒரு தோழி இன்று காலைதான் வாய் திறந்தாள்.

"அண்ணே, காலி சீட்டுக்கும் நானே காசு தர்றேன். வண்டியை எடுங்க."

"காலி சீட்டோட மலை ஏறினா எனக்கு ராசியில்ல, தங்கச்சி."

"அப்ப இதைப் பாருங்க. இந்தப் பொண்ணை எங்கயாவது பார்த்தீங்களா?"

துருஸ்பெக் போட்டோவை வாங்கி வெகுநேரம் பார்த்தான். திருப்பிக் கொடுத்தான்.

"கிடைச்சா என்ன செய்வீங்க?"

"காலை உடைப்பேன்."

"ம்" என்றான் துருஸ்பெக். "ஒரு டீ குடிச்சிட்டு வர்றேன்."

அவன் திரும்பி வந்த நேரம், பையோடு ஒருவர் காரிடம் வந்தார். "பிஷ்கெக்தானே? ஒரு சீட் இருக்கா?"

"நிரம்பிடுச்சுங்க. பின்னாடி வண்டியைப் பாருங்க."

அவர் போய்ப் பின் வண்டியில் முதல் ஆளாக ஏறினார்.

பெரியவர் தலையை வெளியே நீட்டினார். "எங்கடா நிரம்பிச்சு? உன் மாமனார் ஆவியா வந்து உட்கார்ந்திருக்காரா?"

"ஒருத்தர் சொல்லி வச்சிருக்காங்க, பெரியவரே."

"யாரு?"

"வருவாங்க."

"வேற யாரோ கூடுதலா தர்றேன்னிருப்பாங்க" என்றாள் சைரா. "இவங்களுக்கு அடுத்தவங்க அவசரமெல்லாம் விளையாட்டு."

அனார்குல் மணி பார்த்தாள். இங்கே ஒரு மணி நேரம் போனால் அங்கே மகள் எந்த ரயிலில் ஏறுவாளோ, யாரோடு ஏறுவாளோ.

"அண்ணே, உங்களுக்குப் பிள்ளைங்க இல்லையா?"

"இருக்காங்க. சரி, காலை உடைச்சப்புறம் என்ன செய்வீங்க?"

"அறையில போட்டுப் பூட்டுவேன். கல்யாணம் வரைக்கும். போதுமா? வண்டியை எடுங்க."

"ம்" என்றான். மறுபடியும் டீக்கடைக்குப் போனான்.

"ரெண்டாவது டீ" என்றார் பெரியவர். "நான் எண்ணிக்கிட்டுதான் இருக்கேன்."

கால் மணி நேரம் கழித்து வந்தவன், துணி எடுத்துக் காரின் பின் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தான். சுத்தமாக இருந்த கண்ணாடி.

சைரா பொறுமையிழந்து அனார்குல் பக்கம் திரும்பினாள். "நீங்க சொல்றதுதான் சரி. பொம்பளைப் பிள்ளையைக் கண்டிச்சுத்தான் வளர்க்கணும்."

"கண்டிச்சதுதான் டீச்சர் இது" என்றாள் அனார்குல். போட்டோவை மடியில் கவிழ்த்து வைத்தாள். "நாலு நாளா நான் வாசலுக்குத் தாழ் போடல. தெரு நாயெல்லாம் உள்ள வந்து படுத்துக்குது. காலை உடைப்பேன், பூட்டுவேன்னு வாய்தான் சொல்லுது. அவ எதிர்ல வந்து நின்னா, சாப்பிட்டியான்னு கேப்பேன். அதுக்கு மேல எனக்குப் பேச்சு வராது."

கண்ணாடியில் துணி நின்றது. துருஸ்பெக் அதைக் காரின் மேலேயே போட்டுவிட்டு ரோட்டைத் தாண்டினான்.

"மூணு" என்றார் பெரியவர்.

இந்த முறை அவன் உடனே திரும்பினான். அனார்குல் பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கினான். வெளியே குளிர்சட்டைத் தொப்பியை நெற்றிவரை இழுத்துவிட்டு ஒரு பெண், கையில் கடித்த இறைச்சிச் சம்சாவோடு நின்றாள்.

அனார்குலின் கை தானாக எழுந்தது. ஜிபெக் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள்.

அந்தக் கை அவள் தொப்பியைப் பின்னால் தள்ளியது.

"சாப்பிட்டியா?"

"இது மூணாவது சம்சா" என்றாள் ஜிபெக், கண்ணைத் திறக்காமல். "மாமா வர்றப்பல்லாம் ஒண்ணு வாங்கித் தந்தார்."

சைரா டிரைவரைப் பார்த்தாள். "முதல்லயே சொல்லியிருக்கலாமே?"

"விடியக்காலையில பிஷ்கெக்ல என் வண்டியிலதான் ஏறினா, டீச்சர். இங்க இறங்கினவளுக்கு வீட்டுக்குப் போகக் கால் வரல, டீக்கடையிலயே உட்கார்ந்துட்டா. போட்டோவைப் பார்த்ததும்தான் இவங்க அவ அம்மான்னு தெரிஞ்சது. கூப்பிட்டிருந்தா மறுபடி ஓடியிருப்பா. அம்மா என்ன சொல்றாங்கன்னு கேட்டுக்கிட்டே இருந்தா. 'இன்னும் ஒண்ணும் சொல்லல'ன்னு ரெண்டு தடவை போய்ச் சொன்னேன்."

அனார்குல் இறங்கினாள். மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வீட்டுப் பக்கம் நடந்தாள்.

பின்னால் நின்ற வண்டி நாலு பேரோடு அவர்களைத் தாண்டிப் போனது.

துருஸ்பெக் துணியை உதறி மடித்தான். "பிஷ்கெக், பிஷ்கெக்" என்று முதலிலிருந்து கூவ ஆரம்பித்தான்.

பெரியவர் பெய்ஷென் மூட்டையைச் சீட்டில் வைத்துவிட்டு இறங்கினார். அவன் பக்கத்தில் போய் நின்று, தானும் குரல் கொடுத்தார்.

"பிஷ்கெக். ரெண்டு சீட் இருக்கு, ரெண்டே சீட்."