தட்டை மூக்கா, உருண்டை மூக்கா?

"தட்டை மூக்கை எடடா மச்சான். அத்தான் சொல்லுறன், கண்ணை மூடிக்கொண்டு எடு!"

கடை மேசையில் இரண்டு இரும்பு அச்சுகள் இருந்தன. ஈயத்தை உருக்கி ஊற்றினால் ஒன்றில் தட்டை மூக்குத் துப்பாக்கிச் சன்னம் வரும், மற்றதில் உருண்டை மூக்கு. கஜீவன் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு அக்காவின் புருசன் வினோதனைச் சந்தேகமாகப் பார்த்தான்.

"ஏன் தட்டை?"

"கடதாசியில ஓட்டை வெட்டின மாதிரி விழும். போட்டியில புள்ளி போடுறவனோடை சண்டை பிடிக்கத் தேவையில்லை."

"சிக்காதோ அத்தான்? என்ர பிஸ்டல் ரவை கழுத்து ஒடுங்கினது. சன்னம் போற வழியில கொஞ்சம் முட்டினாலும் பிஸ்டல் நிண்டுபோகும்."

"ஒரு கோதாரியும் சிக்காது. நான் சொல்லுறன் எல்லே!"

அந்த 'நான் சொல்லுறன்'தான் கஜீவனுக்கு இடித்தது. "இந்த வருசம் பெரிசாச் சினோ கொட்டாது, வின்ரர் ரயர் என்னத்துக்கு?" என்று இதே வாய் சொல்லித்தானே அவன் கார் பனியில் வழுக்கி ஸ்டீல்ஸ் ரோட்டுப் பள்ளத்தில் மூக்குக் குத்திக் கிடந்தது! அன்று தொடக்கம் அவனுக்கு ஒரே கொள்கை. அத்தான் கிழக்கு என்றால் மேற்கு.

கடைக்காரி பேர்ணடெற்றைக் கேட்டால், ஒவ்வொரு பிஸ்டலுக்கும் ஒவ்வொரு குணம், சுட்டுப் பார்த்தால்தான் தெரியும் என்று அவள் கையை விரித்தாள். சுட்டுப் பார்க்க எங்கே நேரம்? வருகிற ஞாயிறு கிளப்பில் சுடும் போட்டி. அவன் பிஸ்டலுக்கான ரவை கடைகளில் கிடைத்துப் பல காலம். புதுப் பிஸ்டல் வாங்கச் சட்டம் விடாது. இருக்கிற பிஸ்டலுக்குச் சரியான சன்னத்தைத் தானே வார்க்கவேண்டும், அவ்வளவுதான் வழி.

போன வருடப் போட்டியில் அவன் பிஸ்டல் நடுவில் சிக்கி நின்றது. வினோதன் கோப்பையைத் தூக்கிப் பிடித்து, கிளப் ஆட்கள் அத்தனை பேருக்கும் முன்னால் முழங்கினான்:

"இதை ஒருத்தன் என்னட்டை இருந்து வெல்லுமட்டும் என்ர கராஜில சன்னம் வார்க்கிற ஈயச் சட்டி அணையாது! இது சத்தியம்!"

எல்லோரும் கஜீவனைப் பார்த்துத்தான் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அவனுக்கு இன்னும் ஆறவில்லை.

கைபேசி அடித்தது. வெளியே காருக்குள் இருந்த நிலாணி அக்கா. வழக்கமாகக் கடைக்குள் முதலில் நுழைகிறவள் அன்று காரைவிட்டு இறங்கவேயில்லை.

"இன்னும் முடியேல்லையோ? அத்தான் சொல்லுறதைக் கேளடா. தட்டையை எடு!"

"ஓம் அக்கா, ஓம்."

புருசனும் பெண்சாதியும் ஒரே பாட்டு! வினோதன் காரடிக்குப் போனதும் கஜீவன் குனிந்து மெதுவாகச் சொன்னான்:

"பேர்ணடெற், உருண்டை மூக்கைத் தாங்கோ. இப்ப போனவருக்குச் சொல்லிப்போடாதேங்கோ."

ஞாயிற்றுக்கிழமை. வினோதன் முதலில் சுட்டான். பொல்லாத கை அது, ஒன்றுகூட நடுவட்டத்தைவிட்டு அதிகம் விலகவில்லை. அடுத்தது கஜீவன். தன் மல்வேர்ன் வீட்டுப் பின்வளவில் வேர்த்து விறுவிறுத்து வார்த்த சன்னங்கள். சிக்கினால் இன்னொரு வருடச் சிரிப்பு.

முதலாவது போனது. இரண்டாவது போனது. போன வருடம் சிக்கிய இடம் வந்தது. முருகா என்று விசையை இழுத்தான்.

போனது! அதற்குப் பிறகும் ஒவ்வொன்றாக, வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு ஏறின. கடைசி வெடியும் தீர்ந்து வெற்று ரவைக் கோது நிலத்தில் விழுந்து உருண்டபோது, கஜீவன் மூச்சு விட்டான்.

நடுவர் கிளிபோட் கடதாசிகளை இரண்டு தரம் எண்ணிவிட்டு, கஜீவனின் கையைப் பிடித்து உயர்த்தினார். ஒரேயொரு புள்ளி வித்தியாசம்! கிளப் முழுக்கக் கைதட்டியது. கஜீவன் கோப்பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு துள்ளினான்.

கார் நிறுத்துமிடத்தில் நிலாணி காத்திருந்தாள். அவளுக்கு முன்னால் வைத்தே அவன் வினோதனிடம் கணக்குத் தீர்த்தான்.

"அத்தான், தட்டை மூக்கோ? ஆருக்குப் பேய்க்காட்டுறியள்! நான் எடுத்தது உருண்டை!"

முகம் கறுக்கும் என்று பார்த்தால், வினோதன் வாயெல்லாம் பல்லாக அவனைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினான்.

"தெரியுமடா! உன்ர பிஸ்டலுக்கு உருண்டைதான் சரியெண்டு எனக்கு எப்பவோ தெரியும்."

"பிறகேன் தட்டை எண்டியள்?"

"நான்தான் அப்பிடிச் சொல்லச் சொன்னனான்," என்றாள் நிலாணி. "இவர் உருண்டை எண்டிருந்தா நீ தட்டையை எல்லோ தூக்கியிருப்பாய்!"

கஜீவனுக்குத் துள்ளல் நின்றது. "அப்ப அத்தான் வேணுமெண்டு தோத்தவரோ?"

"உன்னாணை இல்லை!" வினோதன் தலையில் கை வைத்தான். "வேணுமெண்டு பிழையாச் சுட எனக்குக் கை வராது. நீ வெண்டது நீ வெண்டதுதான்."

"அதாலைதான்ரா உன்னை வெல்லவைக்க வேண்டியிருந்தது," என்றாள் நிலாணி. " சபையில சத்தியம் பண்ணின மனுசன், கோப்பை போகாமல் சட்டியை அணைக்கமாட்டன் எண்டு ஒற்றைக்காலில நிக்கிறார்."

"அவசரமா ஏன் அணைக்கவேணும்?"

நிலாணி வயிற்றில் கையை வைத்துச் சிரித்தாள்.

"இனி வீட்டில ஈயப் புழுதி ஆகாது எண்டு டொக்டர் சொல்லிப்போட்டாடா. வாற வைகாசியில நீ மாமா."