ஒரே துண்டா, ரெண்டு துண்டா?

ஒன்றேகால் மணி நேரமாக அந்தப் பெண் பேஸ்பால் மட்டைகளை விட்டு நகரவில்லை.

“அக்கா, மரத்துக்கும் அலுமினியத்துக்கும் என்ன வித்தியாசம்?”

“மரம் கனம், உடையும். அலுமினியம் லேசு. ஆனா இது ஒரே துண்டு, அடிச்சா அதிர்வு கை வரைக்கும் வரும்.”

“இதுல பிடி மட்டும் வேற மாதிரி இருக்கே?”

“அது ரெண்டு துண்டு. பிடி கார்பன் இழை. சேருற இடத்துலயே அதிர்வு அடங்கிடும்.”

கடைக்காரம்மா கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றவரைப் பார்த்தாள்.

“வெயில்ல எவ்வளவு நேரமா நிக்கிறார், பாவம். எங்க வீட்டுக்காரரா இருந்தா இந்நேரம் கடையையே இடிச்சிருப்பார். நீ குடுத்து வெச்சவம்மா.”

அந்தப் பெண் திரும்பிப் பார்க்கவில்லை.

“முழுக்கக் கார்பன் இழையில செஞ்சது இருக்கா அக்கா?”

“இருக்கு. ஆனா சாப்பாட்டுக்குக் கடையை மூடணும். மட்டை யாருக்கு, தம்பிக்கா?”

“மரத்துலயே எது உறுதின்னு மட்டும் சொல்லிடுங்க.”

“அதைத்தான் மூணு தடவை சொல்லிட்டேனே. இரு, அவரையே உள்ள கூப்பிடறேன். அவராவது ஒரு முடிவு சொல்லட்டும்.”

கடைக்காரம்மா கதவைத் திறக்கப் போனாள். அந்தப் பெண் ஓடிவந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“வேணாம்க்கா. பஸ் ஸ்டாண்டுலேருந்து என் பின்னாடியே வர்றான். அவன் யாருன்னே எனக்குத் தெரியாது.”