ஒரு மணி இருபது நிமிஷம்

கரிபூ மான் இறைச்சி கொதித்து அடங்கிவிட்டது. ஆர்க்டிக் பே என்ற சின்ன ஊரில், தன் வீட்டு அடுப்படியில், நிறைமாத வயிற்றைப் பிடித்தபடி நின்றிருந்தாள் சியாசி. இன்று விமானத்தில் அவள் புருஷன் இப்பீலி வருகிறான்.

நாளைக் காலை அவள் பிரசவத்துக்காக இக்காலுயிட் ஆஸ்பத்திரிக்குப் பறக்க வேண்டும். திரும்பி வர ஒரு மாதத்துக்கு மேலாகும். தலைப்பிரசவம், உள்ளுக்குள் உதறல். போகுமுன் அவன் முகத்தை ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டால் போதும்.

இப்பீலிக்கு ரெசல்யூட் விமான நிலையத்தில் ஓடுபாதைப் பனி தள்ளும் வேலை. முந்நூற்று அறுபது கிலோமீட்டர், சின்ன விமானத்தில் ஒரு மணி இருபது நிமிஷம். அங்கே பதினோரு மணிக்குக் கிளம்பினால் இந்த ஊர்க் கடிகாரத்தில் ஒன்று இருபதுக்கு இறங்கும்.

"உன்னப் பாக்க வர்றப்பல்லாம் என் ஆயுசுல ஒரு மணி நேரத்த முழுங்கிடுறே. திரும்பிப் போனாத்தான் அது கெடைக்குது!" என்று வம்பிழுப்பான்.

போன் அடித்தது.

"சியாசி, கோவிச்சுக்காத. ரெசல்யூட்ல ஒரே மூட்டம். விமானம் கிளம்பாதாம்."

"ஐயோ! நாளைக்கு நான் போயிடுவேனே!"

"நான் என்ன பண்ணட்டும்? ஏணி போட்டு வானத்தத் துடைக்கவா முடியும்?"

அந்த நேரம் பார்த்து ஊர்ச் சைரன் மத்தியான அலறலைத் தொடங்கியது. கட்டிப்போட்டிருந்த நாய்களும் கூடச் சேர்ந்து ஊளையிட்டன. சியாசி ஒரு காதைப் பொத்திக்கொண்டாள்.

"ஒண்ணும் கேக்கல!" என்று கத்தினாள்.

"எனக்கும்தான். இரு, ஜன்னலச் சாத்திட்டு வர்றேன்." திரும்பி வந்தபோது அவன் குரல் தெளிவாக இருந்தது. "தெனமும் மத்தியானம் இந்தச் சனியனோட ரோதனை. அழுவாத புள்ள. குழந்தையத் தூக்கிட்டு வா, விமானத்தடியிலயே நின்னு வாங்கிக்கிறேன்."

அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. பாவம், அவன்தான் என்ன செய்வான் என்று தன்னையே தேற்றிக்கொண்டாள்.

"சரி, வயித்தக் காயப்போடாத. நேரத்துக்குச் சாப்பிடு," என்றாள்.

"இதோ, சாப்பிடத்தான் போறேன்."

நேரம் என்றதும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பன்னிரண்டு தாண்டி இரண்டு நிமிஷம். பார்த்துக்கொண்டே நின்றாள். இத்தனை நாளும் வாய் பிளந்து நம்பிய தன்மேலேயே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

"சரிடி, வச்சிடட்டுமா?" என்றான் அவன்.

"அங்க இப்ப மணி பதினொண்ணுதானே? இந்த ஊர்ல யார் வீட்டு ஜன்னலச் சாத்துன?"