முடிச்சு போடாம பாத்த திரை

கம்ப்யூட்டர் வயித்துக்குள்ள படம் வரையற பலகை ஒண்ணு இருந்துச்சு. அதுல வேலை உள்ளவங்க அதோட கயித்துல ஒரு முடிச்சு போடணும், வேலை முடிஞ்சா அவுக்கணும். ஒரு முடிச்சும் இல்லன்னா ஈரத்துணி வந்து பலகையைத் துடைச்சிடும்.

அன்னிக்குத் தூரிகை ஒரு கல்யாணப் பொண்ணை வரைஞ்சிட்டு, தன் முடிச்சை அவுத்துட்டுக் கிளம்பிடுச்சு. துணி வந்து துடைக்க ஆரம்பிச்சுது. உடனே, பலகையைப் பாத்துப் பாத்துப் படத்தை வெளியில காட்டிக்கிட்டு இருந்த திரை குய்யோமுய்யோன்னு கத்துச்சு.

"அடப்பாவி! நான் ஊருக்கே காட்டிக்கிட்டு இருக்கேன், பொண்ணுக்கு மூக்கைக் காணோம்! உனக்குக் கண்ணு அவிஞ்சா போச்சு?"

துணிக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. "என் கண்ணு நல்லாத்தான் இருக்கு. உன் முடிச்சு எங்கய்யா?"

"சும்மா பாக்குறதுக்கெல்லாமா முடிச்சு?"

"நீ பாக்குறதை நான் ஜோசியம் கேட்டா தெரிஞ்சுக்கணும்? சோம்பேறித்தனம் உனக்கு, கெட்ட பேரு எனக்கா? போய் முடிச்சைப் போடுய்யா!"

திரை மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டே அடுத்த படத்துக்கு முடிச்சு போட்டுச்சு. தூரிகை போனதும் துணி வந்து பாத்துச்சு. ஒரு முடிச்சு மிச்சம் இருக்கவே, ஓரமா உக்காந்துச்சு.

அப்ப வீடியோ புடிக்கிற பெட்டி வந்து பலகையை எட்டிப் பாத்துச்சு. திரை பாஞ்சு விழுந்துச்சு.

"ஏய், முடிச்சு போட்டுட்டுப் பாரு! நானெல்லாம் பொறந்ததுலேர்ந்து ஒரு தடவை மறந்திருப்பேனா?"

துணிக்கு வந்த கோவத்துல, ஈரமெல்லாம் ஆவியாப் போயிடுச்சு.